ஏழாயிரம் தீவுகளின் பெண்கள் – 9: எழுபது நிமிடக் காவல்

சென்ற வாரம் டுனிடின் நகரில் நிறுத்தியிருந்தோம்.

2023 ஜூலை 21. பிலிப்பைன்ஸ் பெண்கள் ஆடிய முதல் உலகக் கோப்பை ஆட்டம். சுவிட்சர்லாந்தின் வலைக்குள் கத்ரீனா கில்லூ பந்தைத் தள்ளியபோது ஒரு நாடே துள்ளி எழுந்தது. எழுந்த வேகத்தில் உட்கார வேண்டியதாயிற்று. ஆஃப்சைடு. இடைவேளைக்குச் சற்று முன் வீடியோவைப் பார்த்து ஒரு பெனால்டி கொடுத்தார்கள். அது எதிரணிக்கு. முடிவு 0–2.

அடுத்த ஆட்டம் நான்கே நாளில், வெலிங்டனில். எதிரே நிற்பது போட்டியை நடத்தும் நியூசிலாந்து. முதல் நாள் ஆட்டத்தில் நார்வேயை 1–0 என்று வீழ்த்தி, உலகக் கோப்பையில் தன் முதல் வெற்றியைச் சுவைத்திருந்த அணி. தரவரிசையில் நியூசிலாந்து 26, பிலிப்பைன்ஸ் 46.

இதிலும் தோற்றால் கதை ஏறக்குறைய முடிந்தது.

அந்த மாலைக்குள் நுழையும் முன் ஒருவரைக் கொஞ்சம் பின்தொடர வேண்டும். இந்தத் தொடரில் இதுவரை அவர் பெயர் ஓரமாகத்தான் வந்து போனது. கோல் அடித்தவர்களைப் பற்றி எழுதும்போது கோல் விடாதவர்கள் ஓரத்துக்குப் போய்விடுவது வழக்கம்தான்.

* * *

நடுவில் ஒரு பெயர்

ஹேலி கண்டிடோ லாங்.

முன்னும் பின்னும் அமெரிக்கப் பெயர்கள். நடுவில் இருக்கும் கண்டிடோ, பிலிப்பைன்ஸ் வழக்கப்படி தாய்வீட்டுக் குடும்பப் பெயர். அந்த நடுப்பெயர்தான் அவரை அந்தத் தீவுகளோடு கட்டிய கயிறு.

1995இல் பிறந்தவர். அமெரிக்காவின் நடுப்பகுதியில் உள்ள மிசௌரி மாநிலத்துக்காரர். கடல் என்றால் எந்தத் திசையில் போனாலும் பல நூறு மைல். கால்பந்து அவரை ஆர்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோனது. ஆடும் இடம் சென்டர் பேக், அதாவது தற்காப்பின் நடுத்தூண்.

அமெரிக்காவில் பெண்கள் கால்பந்து பல்கலைக்கழகங்களில்தான் வளர்ந்தது. 1972இல் வந்த ஒரு சட்டம், அரசு நிதி பெறும் கல்வி நிலையங்களில் ஆண் பெண் பாகுபாடு கூடாது என்றது. விளையாட்டைப் பற்றி அந்தச் சட்ட வாசகம் எதுவும் பேசவில்லை. ஆனாலும் அதன் நிழலில் பெண்களுக்கான அணிகளும் உதவித்தொகைகளும் பெருகின. தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்த ஆட்டக்காரர்கள் வந்தார்கள். எல்லோருக்கும் அமெரிக்க தேசிய அணியில் இடம் கிடைக்குமா? அங்கே இருப்பது இருபத்து மூன்று இடம், காத்திருப்பவர்களோ ஆயிரக்கணக்கில்.

மறுபக்கம் மணிலா. தெருவுக்குத் தெரு கூடைப்பந்து வளையம் தொங்கும் நாடு. மரத்தில் அடித்த பலகை, அதில் ஒரு இரும்பு வளையம், கீழே ரப்பர் செருப்போடு பையன்கள். கால்பந்துக்கு அங்கே கடைசி வரிசைதான். பெண்கள் கால்பந்துக்கு அந்த வரிசையிலும் இடமில்லை.

இந்த இரண்டையும் இணைத்தது பிலிப்பைன்ஸ் அரசியல் சட்டம். தாய், தந்தை இருவரில் ஒருவர் பிலிப்பைன்ஸ் குடிமகனாக இருந்தாலே போதும், பிள்ளைக்கும் குடியுரிமை உண்டு. பிறந்த மண் எதுவாக இருந்தாலும் சரி. கலிஃபோர்னியாவிலும் மிசௌரியிலும் வளர்ந்த மகள்களுக்கு ஒரு கதவு திறந்தே இருந்தது. தட்ட வேண்டியதுதான் பாக்கி.

ஹேலி தட்டியது 2016இல்.

அந்த ஆண்டைக் கவனிக்க வேண்டும். அப்போது உலகக் கோப்பை என்ற பேச்சே இல்லை. தென்கிழக்கு ஆசிய விளையாட்டில் அந்த அணி கடைசியாகப் பதக்கம் வாங்கியது 1985இல், ஹேலி பிறப்பதற்குப் பத்தாண்டு முன்பு. ஒருவர் புகழுக்காக அணி தேடினால், தேடிப் பிடிக்கும் அணி இதுவாக இருக்காது.

* * *

அம்மான் நகரின் கணக்கு

2018 ஏப்ரல், ஜோர்டான் நாட்டின் அம்மான். ஆசியக் கோப்பை. பழைய வாசகர்களுக்கு ஐந்தாம் பகுதி நினைவிருக்கும்.

போட்டியை நடத்திய ஜோர்டானை முதல் ஆட்டத்தில் 2–1 என்று பிலிப்பைன்ஸ் வென்றது. பிறகு சீனாவிடமும் தாய்லாந்திடமும் தோல்வி. ஆனாலும் ஒரு வாசல் மிச்சமிருந்தது. ஐந்தாம் இடத்துக்கான ஆட்டம். அதில் வென்றால் 2019 உலகக் கோப்பைக்கு, பிரான்சுக்குப் பயணம்.

எதிரே தென்கொரியா. முடிவு 0–5.

ஐந்து முறை வலைக்குள் கிடந்த பந்தை எடுத்து வந்து நடுக்கோட்டில் வைத்தார்கள். முன்வரிசையில் ஆடுகிறவருக்குத் தோல்வி என்றால் கிடைக்காமல் போன ஒரு வாய்ப்பு. தற்காப்பில் நிற்பவருக்கு அப்படியில்லை. ஒவ்வொரு கோலிலும் தான் எங்கே நின்றோம், எந்த அடி தாமதம் என்பது தனித்தனியாகக் கண்முன் வரும். வருடக்கணக்கில் வரும்.

அந்த ஆட்டத்துக்குப் பிறகு பலர் போனார்கள். படிப்பு முடிந்தது, வேலை கிடைத்தது, முழங்கால் ஒத்துழைக்கவில்லை. காசு இல்லாத விளையாட்டில் இவை எல்லாமே நியாயமான காரணங்கள்தான்.

ஹேலி இருந்தார். அடுத்த முகாமுக்கும் வந்தார். அதற்கடுத்த முகாமுக்கும் வந்தார்.

இந்த அணியைப் பற்றி உள்நாட்டில் எப்போதும் ஒரு முணுமுணுப்பு உண்டு. ‘ஃபில்-ஆம்’ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அமெரிக்காவில் பிறந்தவர்கள், தகலாக் மொழி சரளமாக வராதவர்கள், முகாம் முடிந்ததும் விமானம் ஏறிவிடுகிறவர்கள். இவர்கள் நம்மவர்கள்தானா? 2023 உலகக் கோப்பைக்கு வந்த 23 பேரில் 18 பேர் அமெரிக்காவில் பிறந்தவர்கள் என்றபோது அந்தக் கேள்வி இன்னும் உரக்க எழுந்தது.

ஹேலி இந்தக் கேள்விக்கு மேடையேறிப் பதில் சொல்லத் தேவையிருக்கவில்லை. எல்லோரும் போகிற திசைக்கு எதிர்த்திசையில் அவர் போனார். பிலிப்பைன்ஸ் உள்நாட்டு லீக்கில் ஆடும் கயா–இலோய்லோ கிளப்பின் சீருடையைப் போட்டுக்கொண்டார். வெளிநாட்டில் ஆடினால் கிடைக்கக்கூடிய கவனமும் வசதியும் அந்த லீக்கில் இல்லை. அணித் தலைவிக்கான கைப்பட்டை அவர் கைக்கு வந்ததற்கு ஆட்டத் திறன் ஒரு காரணம். இந்த இருப்பு இன்னொரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

* * *

புனே வழியாக

நடுவில் நடந்ததை இரண்டு பத்தியில் சொல்லிவிடலாம். முந்தைய மூன்று பகுதிகளில் விரிவாகவே பார்த்தோம்.

2021 இறுதியில் ஆலன் ஸ்டாயிச்சிச் வந்தார். ஆஸ்திரேலியப் பெண்கள் அணியின் பயிற்சியாளராக இருந்து, 2019 உலகக் கோப்பைக்குச் சில மாதம் முன்பு நீக்கப்பட்டவர். அணி மேலாளர் ஜெஃபர்சன் செங் பணத்துக்குப் பொறுப்பேற்றார். கலிஃபோர்னியாவின் இர்வைன் நகரில் நீண்ட முகாம். பிறகு இந்தியா. கொரோனா புகுந்ததால் நம் இந்திய அணி பாதியில் விலக நேர்ந்த அதே 2022 ஆசியக் கோப்பை.

ஜனவரி 30, புனேயின் பாலேவாடி மைதானம். காலிறுதியில் சீன தைபேயுடன் 1–1. பெனால்டி ஷூட் அவுட்டில் கோல்கீப்பர் ஒலிவியா மெக்டேனியல் தடுத்ததோடு நிற்காமல், தானே வந்து ஒன்றை அடிக்கவும் செய்தார். கடைசி உதை சரீனா போல்டனுடையது. 4–3. நான்கு ஆண்டுக்கு முன் அம்மானில் மூடிய கதவு புனேயில் திறந்தது. அதே ஆண்டு மே மாதம் தென்கிழக்கு ஆசிய விளையாட்டில் வெண்கலம், 37 ஆண்டுக்குப் பிறகு. ஜூலையில் மணிலா ரிசால் மைதானத்தில் தாய்லாந்தை 3–0 என்று வீழ்த்தி வட்டாரக் கோப்பை.

இப்போது வெலிங்டனுக்குப் போவோம்.

* * *

24ஆம் நிமிடம்

ஜூலை 25. மாலை ஐந்தரை மணி. தென்கோளத்தில் அது குளிர்காலம். மணிலாவில் மதியம் ஒன்றரை. பொட்டிக்கடைகளிலும் அலுவலகக் கணினிகளிலும் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது.

மைதானத்தில் 32,357 பேர். பெரும்பகுதி நியூசிலாந்துக்காரர்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கூட்டத்துக்குள் அங்கங்கே நீலமும் சிவப்பும் மஞ்சளும். நியூசிலாந்தின் மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் வேலை பார்க்கும் செவிலியர், பால்பண்ணைகளில் விடிகாலை மாடு கறக்கும் தொழிலாளர், நிலநடுக்கத்தில் சிதைந்த கிறைஸ்ட்சர்ச்சை மீண்டும் கட்டப் போன தச்சர்கள் என்று பிலிப்பைன்ஸ்காரர்கள் அந்த நாடெங்கும் இருக்கிறார்கள்.

பிழைப்புக்காக ஊரை விட்டு வந்தவர்கள் அவர்கள். தரையில் நின்ற பதினொருவரில் பலர், அப்படி ஊரை விட்டுப் போனவர்களின் மகள்கள். நம்மவர்களா என்ற கேள்வியை அன்று அந்தக் கூட்டத்தில் யாரும் யாரிடமும் கேட்டிருக்க மாட்டார்கள்.

தொடக்கம் முதலே பந்து நியூசிலாந்திடம்தான். பிலிப்பைன்ஸ் பின்வாங்கி நின்றது; விழுந்தடித்து விலக்கியது; மறுபடி நின்றது.

24ஆம் நிமிடம். பிலிப்பைன்சுக்கு ஒரு ஃப்ரீ கிக். நியூசிலாந்துக்காரர்கள் முழுசாக வெளியேற்றவில்லை. வெளியே வந்த பந்து சாரா எக்கஸ்விக் காலுக்குப் போனது. அவர் நிமிர்ந்து பார்த்தார். வளைத்து உள்ளே தூக்கினார்.

போல்டன் எழும்பினார். தன்னைக் காவல் காத்தவரைவிட உயரமாக எழும்பித் தலையால் முட்டினார். கோல்கீப்பர் விக்டோரியா எஸ்ஸன் கையில் பந்து பட்டது. பட்டும் நிற்கவில்லை. கையை மீறி வலைக்குள் விழுந்தது.

உலகக் கோப்பையில் பிலிப்பைன்ஸ் அடித்த முதல் கோல்.

கட்டிப்பிடித்துக் குவிந்த கூட்டம் கலைந்து, ஆளாளுக்குத் தம் இடத்துக்குத் திரும்பியது. தற்காப்பு வரிசையில் நின்றவர்களுக்கு அந்த நொடியில் ஒரு கணக்கு தெரிந்திருக்கும். 24 போனால் 66. இடையில் வீணான நேரத்துக்கு நடுவர் கூட்டித் தருவதையும் சேர்த்தால் எழுபது நிமிடம்.

* * *

கோடு

நடுத்தூணாக நிற்பவரின் வேலையைத் தொலைக்காட்சி சரியாகக் காட்டுவதில்லை. கேமரா பந்தின் பின்னால் ஓடுகிறது. அவர் வேலையில் முக்கால்வாசி பந்து இல்லாத இடத்தில் நடக்கிறது.

அவர் கத்துகிறார். நிற்காமல் கத்துகிறார். இடதுபக்கத்தவரை ஓரடி முன்னே வரச் சொல்கிறார். வலதுபக்கத்தவரை உள்ளே இழுக்கிறார். முப்பதாயிரம் பேர் கூச்சலில் குரல் எட்டாது. ஆகவே கை பேசுகிறது. பெனால்டி பெட்டிக்குள் யாராவது உதைக்க வந்தால் இரு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு மார்பைக் காட்டி நிற்க வேண்டும். பந்து கையில் பட்டால் பெனால்டி. முகத்தில் பட்டால் நல்ல தடுப்பு.

எல்லாவற்றையும்விட நுணுக்கமானது கோடு. தற்காப்பில் இருப்பவர்கள் நால்வரோ ஐவரோ, எல்லோரும் ஒரே நேர்கோட்டில் ஏறவும் இறங்கவும் வேண்டும். பந்தைத் தட்டும் நொடிக்குச் சற்று முன் எல்லோரும் சேர்ந்து முன்னே வந்தால், பின்னால் நிற்கும் எதிராளி ஆஃப்சைடில் மாட்டுவார். ஒருவர் அரை அடி தங்கினாலும் எல்லோர் உழைப்பும் பாழ். கூட்டுக் குடும்பத்தில் ஒருவர் மட்டும் பேச்சை மாற்றிச் சொன்ன கதைதான்.

இடைவேளை முடிந்து வந்த நியூசிலாந்து வேறு அணியாக இருந்தது. அலை அலையாக வந்தார்கள். ஜாக்கி ஹேண்ட் அடித்த பந்து கம்பத்தில் மோதியது. பந்து கம்பத்தில் படும் ஓசையில் அரங்கு முழுவதும் தலையில் கைவைத்தது. சிலர் ஏமாற்றத்தில், சிலர் நிம்மதியில்.

68ஆம் நிமிடம்.

பக்கவாட்டிலிருந்து ஹன்னா வில்கின்சன் பந்தை உள்ளே அனுப்பினார். ஹேண்ட் பாய்ந்து வந்து தலையால் முட்டினார். கோல்.

வெலிங்டன் வெடித்தது. நியூசிலாந்துப் பெண்கள் மூலைக்கு ஓடினார்கள். மணிலாவில் எத்தனையோ பேர் தொலைக்காட்சியை விட்டு முகத்தைத் திருப்பியிருப்பார்கள். 1–1. அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்பது கால்பந்து பார்த்தவர் எவருக்கும் தெரியும். சமன் செய்த அணி, சொந்த ஊர்க் கூட்டம், இன்னும் இருபது நிமிடம்.

நடுவர் காதில் கைவைத்தார்.

வி.ஏ.ஆர். எனும் வீடியோ நடுவர் அறையில் படத்தைப் பின்னோக்கி ஓட்டுகிறார்கள். ஹேண்ட் முட்டியதில் தவறில்லை. அதற்கு முன்பு? பந்தை வில்கின்சனை நோக்கித் தட்டிய நொடியில் அவர் எங்கே நின்றார்?

திரையில் ஒரு கோடு வரைகிறார்கள். அது தற்காப்பு வரிசை நின்ற கோடு. வில்கின்சன் அதைத் தாண்டியிருந்தார். தாண்டியது மயிரிழை.

கோல் இல்லை.

நான்கு நாள் முன்பு டுனிடினில் பிலிப்பைன்ஸ் பெண்களின் கொண்டாட்டத்தைப் பறித்தது இதே விதி. வெலிங்டனில் அது கடனைத் திருப்பிக் கொடுத்தது. அதிர்ஷ்டம் என்று சொல்லலாம், சொன்னார்கள். ஆனால் அந்த மயிரிழை தானாக வருவதில்லை. அரை அடி முன்னே வந்து நின்ற கால்கள் இருந்ததால்தான் திரையில் கோடு அந்த இடத்தில் விழுந்தது.

* * *

கடைசிப் பந்து

90 நிமிடம் முடிந்தது. நடுவர் கூட்டிக் கொடுத்த நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

பிலிப்பைன்ஸ் பெட்டிக்குள் எத்தனை பேர் என்று எண்ண முடியாத கூட்டம். இரண்டு நிறச் சட்டைகள் ஒன்றின் மேல் ஒன்றாக. பந்து உயரத் தெறித்து, இறங்கி, கிரேஸ் ஜாலே முன்னால் வந்தது. கைக்கெட்டும் தூரம். அவர் உதைத்தார்.

மெக்டேனியல் கையை நீட்டினார்.

புனேயில் பெனால்டியைத் தடுத்த அதே கை. பந்து வலைக்குப் போகவில்லை.

விசில்.

1–0. உலகக் கோப்பையில் தீவுகளின் முதல் வெற்றி. அதுவும் இரண்டாவது ஆட்டத்திலேயே. நியூசிலாந்துக்கு அந்த முதல் வெற்றி கிடைக்க ஆறாவது உலகக் கோப்பை வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் இதன் எடை புரியும்.

இரண்டு ஆண்டுக்கு முன், ஏறக்குறைய இதே நாளில், 2021 ஜூலை 26 அன்று, டோக்கியோவில் ஹிடிலின் டியாஸ் பளு தூக்கி நாட்டுக்கு முதல் ஒலிம்பிக் தங்கத்தைக் கொண்டுவந்திருந்தார். கூடைப்பந்து நாட்டின் பெரிய மகிழ்ச்சிகளை அடுத்தடுத்துப் பெண்களே சுமந்து வந்தார்கள்.

மறுநாள் செய்திகளில் போல்டன் முகம். நியாயம்தான். ஒன்றைச் சேர்த்தவர் அவர். அடுத்தது மெக்டேனியல். அதுவும் நியாயம். நடக்காமல் போன கோல்களுக்கு மட்டும் எந்தப் பட்டியலிலும் பெயர் எழுதுவதில்லை. அம்மானில் ஐந்து முறை வலையைப் பார்த்துத் திரும்பிய ஹேலிக்கு, ஐந்து ஆண்டு கழித்து வெலிங்டனில் செல்லுபடியான ஒரு கோலுக்காகக்கூடத் திரும்ப வேண்டியிருக்கவில்லை. 2016இல் கதவைத் தட்டியதற்கு அவர் பெற்ற கூலி அதுதான்.

* * *

ஆக்லாந்தில் என்ன காத்திருந்தது?

வெலிங்டன் ஆட்டம் நடந்த அன்றே சுவிட்சர்லாந்தும் நார்வேயும் 0–0 என்று முடித்துக்கொண்டன. பிரிவின் புள்ளிப் பட்டியல் இப்படி நின்றது: சுவிட்சர்லாந்து 4 புள்ளி. நியூசிலாந்து 3. பிலிப்பைன்ஸ் 3. நார்வே 1.

ஜூலை 30, ஆக்லாந்தின் ஈடன் பார்க். நார்வேயை வென்றால் யார் தயவும் வேண்டாம். அடுத்த சுற்று உறுதி. டிரா என்றால், அதே நேரத்தில் டுனிடினில் நடக்கும் இன்னொரு ஆட்டத்தின் முடிவுக்குக் காது கொடுக்க வேண்டும்.

நார்வே 1995இன் உலக சாம்பியன். ஆனால் இரண்டு ஆட்டத்தில் ஒரு கோலும் இல்லை. நட்சத்திரம் ஆடா ஹெகர்பெர்க் சுவிட்சர்லாந்து ஆட்டம் தொடங்கும் நேரத்தில் வலியோடு வெளியே நடந்தார். இன்னொரு நட்சத்திரமான கரோலின் கிரஹாம் ஹான்சன், தன்னைப் பெஞ்சில் உட்கார வைத்தது பற்றி வெளிப்படையாகவே மனக்கசப்பைக் கொட்டினார். உடைந்த வீடு என்று பத்திரிகைகள் எழுதின.

இன்னொரு விசித்திரமும் இருந்தது. வெலிங்டனில் போல்டன் தலைக்குப் பந்தை அனுப்பிய சாரா எக்கஸ்விக் பிறந்தது நார்வேயின் வடக்கே, பூடோ நகரத்தில். இளையோர் பிரிவில் அவர் அணிந்தது நார்வேயின் சீருடை. பிறந்த நாட்டை வீட்டுக்கு அனுப்பும் வாய்ப்பு இப்போது தாய்நாட்டுக்காக அவர் காலடியில் வந்து நின்றது.

அடிபட்ட அணி இரண்டு விதமாக நடந்துகொள்ளும். சுருண்டு படுக்கும், இல்லையென்றால் கைக்குக் கிடைத்தவரைக் கடித்துக் குதறும்.

வெலிங்டனில் எழுபது நிமிடம் அசையாமல் நின்ற அந்தக் கோடு, ஆக்லாந்தில் முதல் விசிலிலிருந்தே மோதவரும் நார்வேயின் முன்னால் எத்தனை நிமிடம் நிற்கும்?

(அடுத்த வாரம்)